இறங்கும் மேடை

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை யோசித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். நூலகவியல் படித்தவள் நான். பிறர் எழுதியவற்றை ஒழுங்காக அடுக்கி வைப்பதுதான் என் பயிற்சி. அந்த அலமாரியில் எனக்கும் ஓர் இடம் கேட்பதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன். சலிப்புத் தட்டினால் நடுவிலேயே விட்டுவிடலாம், வருந்த மாட்டேன்.

என் கால்கள் என்னைத் தாங்குவதில்லை. அதன் காரணம் இக்கதைக்குத் தேவைப்படாது. மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று அந்த ஆண்டுதான் எனக்கு வந்திருந்தது. வலக்கையருகே ஒரு குமிழ். சாய்த்த திசையில் நாற்காலி போகும், விட்டால் நின்றுவிடும். அது வரும் முன் நான் பார்த்த இடமெல்லாம் பிறர் தள்ளிக்கொண்டு போய்க் காட்டிய இடம்தான்.

வேறோர் ஊரில், ஒரு பள்ளியில் எனக்கு நூலகர் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கும் திங்கட்கிழமை சேர வேண்டும். வளாகத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் போன பின் என்னை வளர்த்த அக்காவுக்கு அதில் சம்மதமில்லை.

"ஸ்கூலுக்குள்ள சமாளிச்சுடுவ, சரி. ரோடு? கடை? மழை பெஞ்சா?"

"பழகிக்குவேன்க்கா."

"நீ பழகுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும்."

இப்படியே நாள்கள் நகர்ந்தன. கடைசியில் அக்காவே ஒரு சோதனை வைத்தார். நகருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. கூட்டம், ஏற்றம், இறக்கம், வரிசை எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. சனிக்கிழமை காலை முதல் பூங்கா மூடும் வரை, யார் கையும் நாற்காலியில் படாமல் நான் சுற்றி வந்துவிட்டால், திங்கட்கிழமை என்னை அனுப்பிவைப்பார்.

"லைசென்ஸ் டெஸ்ட்டுன்னு சொல்லு" என்றார் மாமா.

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பல ஆண்டுகளாகப் பிறர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்ததால், எதில் ஏறினாலும் அவர் கால் பிரேக்கைத் தேடும். கை ஹேண்ட்பிரேக்கைத் தேடும். தொலைக்காட்சியில் கார் வேகமாகத் திரும்பினால்கூட அவர் பாதம் தரையை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

"மாஸ்டர் கை வெக்கக் கூடாது. வெச்சா டெஸ்ட் செல்லாது" என்று அக்கா எச்சரித்தார்.

"நான் ஏன் கை வெக்கிறேன்? கையக் கட்டிக்கிட்டுத்தான் வருவேன், பாத்துக்கிட்டே இரு."

பூங்காவின் வாசலிலேயே தடை வந்தது. சீருடை அணிந்த காவலர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அக்காவிடம் பேசினார்.

"மேடம், இந்தச் சைஸ் வண்டிய உள்ள விடறது கஷ்டம். நம்மகிட்ட வீல்சேர் இருக்கு. அவங்கள அதுல உக்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிடுங்க."

"என்னை ஏன் கேக்குறீங்க? வண்டிக்காரி அவ. அவளுக்கு வாய் இருக்கு" என்றார் அக்கா.

சோதனை வைத்தவர் அவரே. எனக்காக முறைத்தவரும் அவரே. நான் மிகுந்த பணிவுடன், பூங்காவின் நாற்காலியில் சிறு சக்கரங்கள்தாம் இருப்பதாகவும், அதில் அமர்ந்தால் என்னால் ஓர் அடிகூட நகர முடியாது என்றும் விளக்கினேன். மேற்பார்வையாளர் வந்தார், அளவு எடுத்தார், தொலைபேசியில் யாரையோ கேட்டார். உள்ளே விட்டார்கள். அதற்குள் என் உள்ளங்கை வியர்த்துக் குமிழ் வழுக்கத் தொடங்கியிருந்தது.

அன்றைய பகலை இன்று நினைத்தாலும் நிலைகொள்ளவில்லை. நாற்காலியில் வருவோருக்கென்று எந்த விளையாட்டிலும் தனி வாசல் கிடையாது. வெளியே வரும் வழிதான் நாங்கள் உள்ளே போகும் வழி. ஆடிக் களைத்து இறங்கி வருவோரின் முழங்கால்களுக்கு எதிராக, "மன்னிக்கணும், கொஞ்சம் வழி" என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கான கழிவறையைத் திறந்தால் வாளிகளும் துடைப்பங்களும் நின்றன. அவற்றை அகற்றச் சொல்லிக் காத்திருந்தேன்; அதன்பின் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். மின்கலத்தின் பச்சை விளக்குகளை நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். பின்னால் மாமா, கைப்பிடியைத் தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் இரு கைகளையும் காற்றில் ஏந்தியபடி வந்தார்.

"ஹாரன் அடி. ஹாரன் அடின்னா! எறக்கத்துல ஸ்பீடு எதுக்கு?"

"நீங்க அந்தக் கையக் கீழ போடுங்க மொதல்ல. குழந்தையப் பிடிக்கப் போற மாதிரி வர்றீங்க" என்று அக்கா அதட்டினார்.

பிற்பகல் வரை யார் கையும் படவில்லை. அப்போது தலைக்கு மேலே தூண்களின்மீது ஓடும் சிறிய ரயிலைக் கண்டேன். பூங்காவை மெதுவாகச் சுற்றி வருவது. இருவர் அமரும் திறந்த பெட்டிகள். நான் வந்த பாதைகளை மேலிருந்து ஒருமுறை பார்க்க விரும்பினேன். ஏறுவதற்கு ஒரு மேடை, இறங்குவதற்கு வேறொரு மேடை. நாற்காலியை ஏறும் மேடையில் விட்டுவிட்டுப் பெட்டிக்கு மாற வேண்டும்.

"உங்க வண்டிய நாங்க தொட மாட்டோம். ரூல்ஸ். உங்க ஆளு யாராவது எறங்குற பக்கம் கொண்டாந்து வெக்கணும்" என்றார் ரயிலை இயக்குபவர்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீ அதுல இல்லாதப்ப யார் தொட்டாலும் கணக்குல வராது. போலாம் வா" என்று அக்கா தீர்ப்பளித்தார்.

மாமாவின் முகம் மலர்ந்தது. நான் அவருக்குக் குமிழைக் காட்டினேன். "விட்டா நின்னுடும் மாமா. சுவிட்ச அணைச்சா தானா பூட்டிக்கும். வேற எதையும் தொட வேண்டாம்."

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியாம்மா?"

கைகளால் உந்திப் பெட்டிக்குள் நானே மாறிக்கொண்டேன். அக்கா பக்கத்தில் அமர்ந்து கம்பியை இறுகப் பற்றினார். ரயில் உயரத்துக்கு வந்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அக்கா, கண்ணத் தொறங்க. நாம சாப்பிட்ட எடம் அதோ தெரியுது."

"நீயே பாத்துச் சொல்லு. நான் தொறக்க மாட்டேன்."

"இவ்வளவு பயமா இருந்தா ஏன் ஏறினீங்க?"

"உன்னைத் தனியா அனுப்பச் சொல்றியா?" என்றவர், தாம் சொன்னதைத் தாமே கேட்டதுபோல் கம்பியை இன்னும் இறுகப் பற்றினார். பிறகு மூடிய கண்களுடனே, "காலையிலேருந்து பாக்குறேன். என்னை ஒருதரம்கூட நீ கூப்பிடல" என்றார். குரலில் பாராட்டு இருந்ததா குறை இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "சரி பாப்பா. போயிட்டு வா. திங்கக்கிழமை போ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் இறங்கும் மேடை கண்ணில் பட்டது.

மாமா நாற்காலியைக் குமிழால் அழகாக ஓட்டி வந்து, அந்த மேடைக்கு ஏறும் சாய்தளத்தின் உச்சியில் நிறுத்தியிருந்தார். சாய்தளத்தின் அடியில் மிதிபடகுகள் மிதக்கும் குளம். சுவிட்சை அணைத்தார். அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் சரிவில் நிற்கும் வண்டியை அப்படியே விட்டு விலக அவருக்கு மனம் ஒப்பவில்லை. குனிந்து தேடினார். பின்சக்கரங்களின் அருகே இரண்டு சிவப்பு லிவர்கள் உண்டு. மின்கலம் தீர்ந்து நடுவழியில் நின்றால், நாற்காலியைத் தள்ளிப் போவதற்காக வைத்தவை. அவற்றைத் தூக்கினால் சக்கரம் மோட்டாரிலிருந்து விடுபடும். பிரேக்கும் மோட்டாரோடு போய்விடும். காரில் லிவரை மேலே தூக்கினால் வண்டி நிற்கும். மாமாவின் கை அறிந்தது அது ஒன்றுதான். ஒன்றைத் தூக்கினார். சுற்றி வந்து மற்றதையும் தூக்கினார். வேலை முடிந்தவர்போல் கைகளைத் தட்டிக்கொண்டு, எங்களைப் படமெடுக்கக் கைபேசியை உயர்த்தினார்.

"மாமா! சிவப்பு லிவர்! கீழ போடுங்க!"

மாமா சிரித்துக் கையசைத்தார்.

முன்சக்கரங்கள் குறுக்கே திரும்பியிருந்ததால் நாற்காலி சில கணங்கள் பொறுத்திருந்தது. பிறகு விடைபெறும் விருந்தாளியைப்போல் தயங்கித் தயங்கிப் பின்வாங்கியது. அதன்பின் தயங்கவில்லை. மாமா திரும்புவதற்குள் பாதிச் சரிவைக் கடந்துவிட்டது. குளக்கரையில் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, முதுகுப் பக்கமாகக் குளத்தில் விழுந்தது.

அக்கா கண்ணைத் திறந்தார்.

ரயில் இறங்கும் மேடைக்குள் நுழைந்தது. அது முழுதாக நிற்பதில்லை; ஊர்ந்துகொண்டே ஆட்களை இறக்கும். அக்கா தாவிக் குதித்தார். அவருடைய ஒரு செருப்பு தண்டவாளத்தின் அடியில் விழுந்தது. அதைப் பாராமலே ஓடினார்.

"நீங்களும் எறங்குங்க மேடம்" என்றார் மேடையில் நின்ற பணியாளர்.

"மன்னிக்கணும். என் நாற்காலி குளத்துல இருக்கு."

அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நெருங்கும் பெட்டியைப் பார்த்தார். "அப்போ இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்துடுங்க."

இப்படித்தான் அன்று நான் தனியானேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவரும் இல்லாதது அந்த நாளில் அதுவே முதல் முறை. பெட்டி மேலே ஏறியது. என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இருந்தும் குமிழ் இருக்கும் இடத்தில் என் வலக்கை காற்றைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.

பெட்டி மறுபடி குளத்தின்மேல் வந்தபோது, நீருக்குள் மின்கலம் கிடக்கிறது என்று யாரோ கத்த, அந்தப் பக்கத்து விளையாட்டுகள் அனைத்தையும் நிறுத்தினார்கள். ரயிலும் நின்றது. நேர் கீழே, இடுப்பளவு நீரில், நாற்காலியின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி மாமா நின்றார். கரையில் ஒற்றைச் செருப்புடன் அக்கா. வேலியோரம் கூட்டம்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "ஹேண்ட்பிரேக் போட்டேனேம்மா!"

"அது ஹேண்ட்பிரேக் இல்ல மாமா! தள்ளுறதுக்குக் கழட்டி விடுறது!"

"மேல தூக்குனா பிரேக்குதானே!"

"உங்க காருக்கு!"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; ஏற்கெனவே நனைந்த கையால் துடைத்ததில் முகம் இன்னும் நனைந்ததுதான் மிச்சம். படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். நாற்காலி சேறு வடிய, தலைகீழாகக் கரையேறியது. பச்சை விளக்குகள் இருந்த இடத்தை மேலிருந்தே தேடினேன். ஒன்றும் எரியவில்லை.

ரயில் மீண்டும் ஊர்ந்தபோது மேடையில் பூங்காவின் சிறு சக்கர நாற்காலி காத்திருந்தது. அதில் மாறினேன். நனைந்த உடையுடன் மாமாவே தள்ளினார். வேறு யாரையும் தொட விடவில்லை. இடப்பக்கம் போகலாம் என்றேன். சரிம்மா சரிம்மா என்றபடியே நேராகப் போனார். சொந்த உபகரணங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலில் பலகை இருந்தது. காலையில் அதை நான் கவனிக்கவில்லை.

காரில் முதலில் பேசியவர் அக்கா.

"டெஸ்ட்டும் போச்சு, வண்டியும் போச்சு."

"பெயிலானது நான்டி. அவ பாஸு" என்றார் மாமா.

"யார் பெயிலானா என்னங்க? திங்கக்கிழமை அவ எதுல போவா?"

இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் நாற்காலியைத் திறந்து பார்த்துவிட்டு, பாகங்கள் வர மாதக்கணக்காகும், வந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். நானே பள்ளித் தலைமையாசிரியையின் வீட்டுக்குத் தொலைபேசினேன். தள்ளும் நாற்காலியில் வந்து சேர்ந்துவிடுகிறேன், அறையிலிருந்து நூலகம் வரை தள்ள மட்டும் காலையிலும் மாலையிலும் யாராவது உதவ முடியுமா என்று கேட்டேன். அவர் அன்பானவர். "அதுக்குன்னு ஆள் போட எங்களால முடியாதேம்மா" என்றார். சில நாள் தவணை கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்த வாரம் முடிவதற்குள் வேறொருவர் சேர்ந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள்.

இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நாற்காலியின் இரு மோட்டார்கள், மின்கலம், குமிழும் அதன் பெட்டியும். மாமாவோடு குளத்தில் இறங்கிய அவருடைய கைபேசி. அக்காவின் இடக்கால் செருப்பு. நூலகர் வேலை, அதோடு தரைத்தளத்து அறை. ரயிலில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன சம்மதம். அதை அவர் திரும்பப் பெறவுமில்லை, இரண்டாம் முறை சொல்லவுமில்லை.