காலையில் கேட்ட காற்று

ஜஸ்னா ஜன்னலையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மின்னி பே கடற்கரைத் தென்னைகள் தலைவிரித்து ஆடுகின்றன. திரையிலோ ‘போகலாம்’ என்று பச்சை எரிகிறது.

அப்துல் ஜப்பாரின் டிங்கிப் படகுகள் சின்னத் தீவுகளுக்குக் காய்கறி கொண்டுபோகும். காற்றும் அலையும் அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. அதைச் சொல்ல பைத்தானில் நிரல் எழுதிக் கொடுத்தவள் ஜஸ்னாதான். அந்தப் பச்சையை நம்பித்தான் அவள் அண்ணன் ரியாஸ் சற்றுமுன் டிங்கியை எடுத்துப் போனான். காக்கா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

நிரலைத் திறந்தாள். பிழை கண்ணில் பட்டுவிட்டது.

நம்ம தீவு நெட்டைப் பற்றித் தெரியுமே, ஒரு எண் வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். அதனால் காலையில் ஒரே தடவை நெட்டில் காற்று, அலை அளவைக் கேட்டு, அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, வந்த ‘ஆமாம்’ என்ற பதிலை ஒரு பெயரில் போட்டு வைத்திருந்தாள். தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அந்தப் பெயரையே எழுதியிருந்தாள். அதற்குள் ‘அளவுக்குள் இருக்கிறதா’ என்ற நிபந்தனை இல்லை, பிள்ளைகளா. காலையில் கிடைத்த பதில் மட்டும்தான் இருந்தது. புயலே வந்தாலும் அது ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும்.

நிபந்தனையை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதினாள். இனி கூப்பிடும்போதெல்லாம் அது புதிதாகக் காற்றைக் கேட்கும். ஓட விட்டாள். வட்டம் சுற்றியது, சுற்றியது... சிவப்பு.

ரியாஸின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

“காக்கா! கேக்குதா?”

கரகரப்பு. பிறகு ரியாஸ். “சொல்லுங்க மகாராணி. உங்க பச்சைக்கு இங்க மௌசம் சலாம் போடமாட்டேங்குது, காத்தும் மழையுமா அடிக்குது. போகவா, வேணாமா?”

பின்னால் நின்றிருந்த ஜப்பார் அவள் காதருகில் குனிந்தார். “மெஷின் கோளாறுன்னு சொல்லும்மா. எல்லா டிங்கியும் கேட்டுட்டிருக்கு.”

“அப்படிச் சொன்னா சிவப்பையும் நம்பமாட்டாங்க, மாமா.” பொத்தானை அழுத்தினாள். “காக்கா, அந்தப் பச்சை காலைல உள்ளது. தப்பு என்னோடது. இப்ப சிவப்பு. திரும்பு, ஜல்தி!”

“திருப்பினா அலை விலாவுல அடிக்கும். எதிர்ல தீவுக்குள்ள போற ஓடை இருக்கு, அதுக்குள்ள...”

அறுந்துபோனது.

அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மழை தகரக் கூரையில் இடித்தது. ஜப்பாரின் உதடுகள் ஓசையில்லாமல் ஓதின.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. “...ஓடைல டிங்கியைக் கட்டியாச்சு. தக்காளி பூரா கடல்ல. நான் இருக்கேன்டி.”

ஜஸ்னாவின் விரல்கள் வயர்லெஸ்ஸை விட்டுப் பிரியவில்லை. ஜப்பார்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உடனே கடலில் இருந்த இன்னொரு டிங்கியிலிருந்து ஒரு குரல், வெள்ளைச்சாமியுடையது, பதறிக்கொண்டு வந்தது:

“எனக்கு வந்த பச்சை எப்ப உள்ளதும்மா?”