திரையில் இல்லாத தழும்பு

கைவினைக் கண்காட்சியில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்று வீட்டில் முதலில் சீறியவன் நான்தான். கையால் செய்த பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கட்டுமே. நடுவில் ஒரு கண்ணாடிப் பலகை எதற்கு? முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையை நம்பிப் பிழைத்த ஆசிரியனுக்கு மின்னும் பலகைகளின்மீது நல்லெண்ணம் இருக்க வழியில்லை.

"மாமா, கடை மொத்தமே ஆறடி. பத்துப் பைக்கு மேல வைக்க இடமில்ல. ஒரு பை தைக்க ஒன்பது நாள் ஆகுது. அந்த ஒன்பது நாள மேசை மேல எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள் என் மருமகள்.

அன்று மாலையே கூடத்துச் சுவரிலிருந்து தொலைக்காட்சி இறங்கியது. "மூணு நாள் நீங்க செய்தி பாக்கலேன்னா உலகம் ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்று முடித்துவைத்தாள் என் மனைவி.

மருமகள் தோல்பை தைப்பவள். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் நூலை இழுத்து இறுக்குவாள். அதற்காக அலுவலக வேலையை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அந்தக் கண்காட்சிக் குழு புதியவர்களுக்கு மதிப்பெண் போட்டு, முதல் ஆறு பேருக்கு மட்டும் தன் அரங்கில் நிலையான கடை கொடுக்கும். கிடைத்தால் இத்தொழிலில் தொடர்வது. கிடைக்காவிட்டால் பழைய நாற்காலிக்கே திரும்புவது. அவளும் என் மகனும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

படங்களையும் ஒரு காணொளியையும் அவளே எடுத்தாள். தன் கைப்பேசியில் இடமில்லை என்று எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிட்டாள். அவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றின் கீழும் விளக்கம் எழுதுவது என் பொறுப்பு.

"எழுத்துக்கு உங்கள விட்டா ஆளு ஏது மாமா? ஒரு ஒற்று விட்டுப்போனா நீங்க மூணு நாள் சாப்பிட மாட்டீங்க. ஆனா படத்த மட்டும் அப்படியே போட்டுடுங்க."

எழுத்து வேலை ஒரே மாலையில் முடிந்தது. அதன்பின் கண் படங்களின்மேல் போயிற்று. இருப்பதிலேயே அழகான பழுப்புப் பையின் மேல்மூடியில், நட்டநடுவே, விரல் நீளத்துக்கு வெளிறிய ஒரு தழும்பு. நல்ல பிரதியில் சிந்திய மைபோல அது என்னை உறுத்தியது. கைப்பேசியிலோ விரலால் தேய்த்தால் எதுவும் மறையும் வசதி இருந்தது. தேய்த்தேன், மறைந்தது. பிறகு ஒரு மூலையில் கோணியிருந்த நான்கு தையல்கள். பிறகு ஒரு நகக்கீறல். அப்படியே இருபத்து மூன்று படங்கள். காணொளியில் அவள் தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கும் பகுதியை வெட்டி எறிந்தேன். திருத்தியவற்றை மூலத்தின் மேலேயே சேமித்தேன். திருத்திய பிறகு பழைய தாளை யார் வைத்திருப்பார்கள்?

அவளிடம் சொல்லவில்லை. வியப்பில் ஆழ்த்தப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டால் மறுப்பாள் என்று தெரியும்; ஆகவேதான் கேட்கவில்லை.

கண்காட்சி தொடங்கும்வரை அவள் பத்தாவது பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தொடங்கியபின் மேசைக்குப் பின்னால் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். திரை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முதல் நாள் முழுவதும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. மக்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் கடை மெழுகுவர்த்திக்காரர் எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, விளம்பரப் படம் மாதிரி பளபளன்னு ஓடுதே!" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நண்பகலில் குழுவின் மேற்பார்வையாளர் வந்தார். கயிறு கட்டிய கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் கடைக்காரர்கள் அவரைக் கண்ணாடியம்மா என்றே அழைத்தார்கள். பழுப்புப் பையைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரையைப் பார்த்தார்.

"இது படத்துல இருக்கற பைதானா?"

"அதேதாங்க மேடம்."

"அதே பைன்னா இந்தக் கோடு எங்கம்மா போச்சு?"

அப்போதுதான் மருமகள் திரும்பினாள். ஒரு படம் போய் அடுத்த படம் வந்தது. அவள் முகத்தில் சினம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது குழப்பம், தன் வீட்டு முகவரியை மறந்தவளின் குழப்பம்.

"திரையில நீங்க செஞ்சத மட்டும்தான் காட்டணும். விதியில முதல் வரியே அதுதான். இது யாரு செஞ்ச பை?"

"நான் செஞ்சதுதாங்க... படம் ஏதோ மாறிப்போயிருக்கு. நான் சரியாப் பாக்கல. தப்பு என்மேலதான்."

நான் இரண்டடி தள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. பொய் சொன்ன மாணவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திய வாய் அது.

"திரைய அணைங்க. அஞ்சு மணிக்குள்ள விளக்கம் வரணும். இல்லேன்னா உங்க பேர அடிச்சிருவோம்" என்று கூறிவிட்டு அவர் போனார்.

மருமகள் மின்கம்பியைப் பிடுங்கினாள். பிறகு குனிந்து மெல்ல, "பழைய படம் எங்கயாவது இருக்கும் மாமா. நீங்க பதறாதீங்க. உங்களுக்கு ரத்த அழுத்தம் வேற" என்றாள்.

அதன்பின் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அரங்கின் பின்பக்கத்துக் குழாயடியில் போய் நின்றேன். என் வகுப்பில் பயின்ற ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். அவள் கட்டுரையைத் திருத்தித் திருத்தி, பளிச்சென்று எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்டினேன். அவள் அதன்முன் நெடுநேரம் நின்று, "சார், இது நான் எழுதுனது இல்ல" என்றாள். அடக்கம் என்று எண்ணி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியம்மாவின் மேசைக்கு நேரே போனேன்.

"படத்த மாத்துனது நான்தாங்க. என் மருமகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"மருமகளக் காப்பாத்த மாமனார் வர்றது புதுசா சார்? நேத்து ஒருத்தர் தன் பொண்டாட்டிக்காக இதையேதான் சொன்னாரு."

"செஞ்சு காட்டுறேன். வாங்க."

கடைக்குத் திரும்பி, பிடுங்கிய மின்கம்பியைச் செருகி, கைப்பேசியை இன்னொரு கம்பியால் திரையோடு இணைத்தேன். மருமகளைப் பார்க்காமலே பழுப்புப் பையைப் படமெடுத்தேன். தழும்பு திரையில் முழங்கை நீளத்துக்குத் தெரிந்தது. விரலை வைத்துத் தேய்த்தேன். ஒரு முனையிலிருந்து அது கரைந்து, இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. கூடிநின்றவர்களில் யாரோ வித்தை என்று எண்ணிக் கைதட்டினார்.

"வாத்தியாரே, என் வழுக்கையையும் கொஞ்சம் கவனிங்களேன்!" என்றார் மெழுகுவர்த்திக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, பை அவங்களுதுதான். நம்புறேன்" என்ற கண்ணாடியம்மா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத ஏன் சார் அழிச்சீங்க?"

"குறைன்னு நெனச்சேன்."

"அந்தத் தழும்புக்காகத்தான் மாமா அந்தத் தோலையே வாங்கினேன்" என்றாள் மருமகள். குரலை உயர்த்தவில்லை. "மாடு எங்கயோ வேலியில ஒரசியிருக்கு. கடைக்காரர் கழிச்சுப் போட்டிருந்தாரு. அது சரியா நடுவுல வரணும்னு ரெண்டு நாள் வெட்டாமலே வச்சிருந்தேன்."

அந்த இரண்டு நாளும் நான் அவள் மேசையைக் கடந்து பலமுறை நடந்திருக்கிறேன். வெட்டாமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

விளக்கத்தை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். 'ஆர்வமிகுதியால் படங்களை மாற்றினேன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். 'ஆர்வமிகுதியால்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்தே' என்று எழுதினேன். வேறு தாள் கேட்கவில்லை. அடித்தலோடு அப்படியே கொடுத்தேன்.

தழும்புள்ள அந்தப் பையை அன்று மாலையே ஓர் அம்மாள் வாங்கினார். கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, விலை கேட்கும் முன்பே தோளில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முடிவில் பட்டியலை ஒட்டினார்கள். ஆறு பெயர்கள். ஏழாவதாக, காத்திருப்போர் வரிசையின் தலையில், மருமகளின் பெயர். வேலைப்பாட்டில் அவளுக்கு மேல் ஒருவரும் இல்லை. காட்சிப்படுத்தலுக்கு உரிய பத்து மதிப்பெண்ணில் பூச்சியம். ஆறாம் இடத்துக்கு நான்கு மதிப்பெண் குறைவு. கணக்கு எனக்கு நன்றாகவே வரும்.

வீடு திரும்பித் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டினோம். ஆணி ஏறும்வரை அவள்தான் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, திரும்பவும் வேலை கேட்டுப் பழைய ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதணும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. இதுல எவ்வளவு வேணும்னாலும் திருத்திக்கோங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டு நாள்கள் ஆகிவிட்டன. தாள் என் மேசைமேல் கிடக்கிறது. 'ஐயா' என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்திருக்கிறேன்.