பாடம் கேட்க வந்த குழு

இருபத்திரண்டு வருடமாகச் செயற்கைக் கால் செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் போன சண்டையின் கால்கள். பதினான்கு மாதத்தில் சண்டையை முடித்துக்கொண்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வெட்டுப்பட்ட கால் அப்படி விடுமா? வருடத்துக்கு வருடம் மெலியும், மாட்டிய கால் தளரும், தோல் உரசிப் புண்ணாகும். இருபது வயதில் வந்தவர்கள் இப்போது நரைத்த தலையோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, மறுபடி லூசாயிடுச்சு" என்கிறார்கள். எந்த மலைக்காகப் போனார்களோ, அந்த மலை இன்னும் எதிராளி கையில்தான் இருக்கிறது.

அதே மலைக்காக இப்போது மறுபடி ஆள் திரட்டுகிறார்கள். பஸ் ஓட்டும் என் தம்பிக்கும் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் நாலாம் தேதி முகாமில் இருக்க வேண்டும். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்.

அதனால்தான் 'கடந்த போரின் படிப்பினைகள்' என்று ஓர் அரசுக் குழு எங்கள் பட்டறைக்கு வந்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போதாவது கேட்கிறார்களே என்று நினைத்தேன். "அளவாப் பேசும்மா" என்று மேஸ்திரி காதோடு சொல்லி வைத்தார். எங்கே? பதிவேட்டைத் தூக்கி மேசை மேல் போட்டேன்.

"இதுல ரெண்டாயிரத்து எழுநூறு பேர் இருக்காங்க சார். அப்பவும் மூணே வாரத்துல முடிஞ்சிடும்னுதான் சொன்னாங்க. மலையடிவாரம் பூரா கண்ணிவெடி. எல்லாரும் ஒரே பாதையில போனாங்க, ஒரே மாதிரி திரும்பி வந்தாங்க. ஒரு கால் கிடைக்க ரெண்டு வருஷம் காத்துக் கிடந்தாங்க. மறுபடி அதே பாதையிலயா அனுப்பப் போறீங்க?"

குழுத் தலைவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். இடையில் ஒரே ஒரு முறை நிமிர்ந்து, "ரெண்டு வருஷமா?" என்று கேட்டு அடிக்கோடு போட்டார். கிளம்பும்போது, "ரொம்ப முக்கியமான விஷயம் சொல்லியிருக்கீங்க" என்றார்.

அன்று தம்பியிடம், "அவசரப்பட்டு வேலையை விட்டுடாதே" என்றேன்.

"நீ சொன்னா கேட்டுருவாங்களாக்கா?" என்று சிரித்தான்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மேஸ்திரி படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பட்டறையின் கருத்தைக் குழு வெகுவாகப் பாராட்டியிருந்தது. முன்பு நேர்ந்த தாமதம் இம்முறை நேராது என்று உறுதி சொல்லியிருந்தது. ஆகவே, ரப்பர் பாதங்கள் ஆறாயிரம், இடதும் வலதுமாக, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டுமாம்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சொன்னதில் இது ஒன்றுதான் மண்டையில் ஏறியதா? போகாதே என்றவளிடமே, போய்விட்டு வருகிறோம், காலை எடுத்து வை என்கிறார்களே, இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

"நான் செய்ய மாட்டேன். வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க."

"நீ செய்யலைன்னா சண்டை நின்னுடுமா?" மேஸ்திரியின் குரலும் சலித்துப் போயிருந்தது. "போன தடவை கட்டையை ஊனிக்கிட்டு வாசல்ல வந்து வந்து நின்னாங்களே, கால் இன்னும் தயாராகலைன்னு அவங்களைத் திருப்பி அனுப்பினது யாரு? நீயும் நானும்தானே?"

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. சாயங்காலத்துக்குள் பாத அச்சுகளைத் துடைத்து மேசையில் அடுக்கினேன். கடிதத்தோடு அளவுப் பட்டியலும் இருந்தது. எட்டாம் நம்பர்தான் அதிகம், ஆயிரத்து எண்ணூறு. மேஸ்திரி அந்த அச்சைக் கையில் எடுத்தார்.

"அது கடைசில செய்யலாம்," என்றேன்.

"ஏம்மா, அதுதானே நிறைய வேணும்?"

"தம்பிக்கு எட்டு."

அவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார். ஏழாம் நம்பர் செருப்புப் போடுகிறவனுக்கும் எங்கேயோ ஓர் அக்கா இருப்பாள் என்று தெரிந்தேதான் அதில் ரப்பரை நிரப்பினேன்.