அரை மாத்திரை

பத்து வயதுப் பிள்ளைக்கு பிரஷராம். பள்ளியில் நீச்சல் குழுவுக்கு ஆள் எடுக்கும் முன் எல்லாரையும் சோதித்ததில் என் மகளுக்கு மட்டும் ஏறி நின்றது. டாக்டரிடம் காட்டி, சரியென்று எழுதி வாங்கி வந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று கோச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அன்றைக்கு வந்து படுத்த வாலு சாப்பிடக்கூட எழவில்லை.

என் வீட்டுக்காரருக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கோளாறுக்கும் கைவசம் ஒரு வைத்தியம் வைத்திருப்பார்.

"எனக்கில்லாத பிரஷரா? அப்பனுக்கு இருக்கிறது மகளுக்கும் வந்திருக்கு. மாத்திரை போட்டா தானா இறங்குது," என்றார்.

"டாக்டர் சொல்லட்டும். நீங்க உங்க லிப்டைப் பாருங்க," என்று வாயை அடைத்தேன். அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்தது என் மடத்தனம்.

டாக்டரம்மா நிதானமானவர். வாலுவைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தார். பெரியவர்களுக்குச் சுற்றும் பட்டையை ஒதுக்கிவிட்டு, அவள் கைக்கு அளவானதை எடுத்துச் சுற்றினார். ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குப் பயத்துல ஏறியிருக்கும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாலு நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலால் நீச்சலடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "சின்னப் பிள்ளைங்களுக்கு பிரஷர்னா பல நேரம் கிட்னியில கோளாறு இருக்கும். இன்னைக்கும் ஏறியிருந்தா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். இனி தேவையில்லை. ஆறு மாசம் கழிச்சுக் காட்டுங்க, போதும்."

நான் எழுந்துவிட்டேன். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எழவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார். "நேத்தும் இன்னைக்கும் என் மாத்திரையில பாதியை உடைச்சு இவளுக்குக் குடுத்தேன். எனக்கிருக்கிற மாதிரிதான்னு நெனச்சேன். கிட்னின்னெல்லாம் எனக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவை மூடினார். என்ன மாத்திரை, எப்போது கொடுத்தது என்று விசாரித்தார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளைக்குத் தலைகிலை சுற்றியதா என்று கேட்டதற்கு, இல்லை என்று வீட்டுக்காரரே முந்திக்கொண்டு சொன்னார்.

"இனி ஒரு துணுக்குகூடக் குடுக்கக் கூடாது. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம். அதுவரைக்கும் நீச்சல் வேண்டாம்."

எனக்கு அந்த மனுஷனை அங்கேயே நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. இப்போதாவது வாயைத் திறந்தாரே என்று கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

வாலுவின் கால்கள் நின்றுவிட்டன. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினியேப்பா," என்றாள். "நேத்து பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டேன். அப்பக்கூட நான் சொல்லலையே."