இரண்டு பேருக்கு ஒரு பட்டம்

பட்டம் வாங்குவதென்று முடிவானதும் ராமேஸ்வரத்து மஜீது மாஸ்டருக்குப் போன் போட்டது ஆன்சிதான். பவானிக்கு அன்று மாலை ஷிஃப்ட்.

இருவரும் எண்ணூரை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்தார்கள். ராயபுரத்து ஆன்சி நெட்டையாக, தோள் அகன்று, ஆள் தாட்டியாக இருப்பாள். எண்ணூர்க் குப்பத்துப் பவானி அவள் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். மழைக்காலம் வந்தால் குடையோடு பறந்துவிடப்போகிறாய் என்று யார்டில் அவளைக் கேலி செய்வார்கள். ஒருமுறை ராமேஸ்வரம் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், பெரிய பட்டம் ஒன்று ஒரு ஆளைப் பலகையோடு கடல்மேல் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு இருவரும் வாய்பிளந்து நின்றார்கள். அடுத்த லீவிலேயே மஜீதிடம் கற்றுக்கொள்ளப் போனார்கள். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், ஆளுக்குப் பாதி போட்டு. அதை எடுத்துக்கொண்டு இமாச்சலத்துப் பனிக்கும் போக வேண்டும் என்பது பவானியின் ஆசை. பனியை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணேவா?" என்று மஜீது சிரித்தார். "சரிம்மா. பனிக்கும் தண்ணிக்கும் சேத்துன்னா வாய் தொறந்த ரகம் வாங்காதீங்க. கடல்ல விழுந்தா தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிக்காது. காத்து அறையெல்லாம் மூடுன ரகமா பாருங்க. அளவுதான் முக்கியம். உங்க உடம்புக்கு, மெட்ராஸ் காத்துக்கு, பன்னெண்டு சதுர மீட்டர் வேணும். அந்தப் பிள்ளைக்கு எட்டு போதும். பனியில வழுக்கிட்டே போகும், இழுவைக்குத் தடையே கிடையாது, அங்க எட்டே அதுக்குக் கூடத்தான். பொதுவுல ஒண்ணுன்னா ஒம்பது எடுங்க. காத்து நல்லா அடிக்கிற அன்னிக்கு மட்டும் நீங்க ஓட்டுங்க. பன்னெண்டுல மட்டும் அந்தப் பிள்ளைய ஏத்திடாதீங்க."

ஆன்சி நன்றி சொல்லி வைத்தாள். ஒன்பது என்றால் பெரும்பாலான நாள் கரையில் நின்று பவானி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றாலும் நடனம் என்றாலும் ஆன்சியை ஓரத்தில் நிற்க வைத்து மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ராமேஸ்வரத்தில் பன்னிரண்டு மீட்டர் பட்டம் அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அந்த ஒரு நொடியில்தான், தன் உடம்புக்கு எடையே இல்லை என்று வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. மறுபடி அது வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் கேன்டீனில் பவானி கேட்டாள். "மாஸ்டர் இன்னாடி சொன்னாரு?"

"மூடுன ரகம் வாங்க சொன்னாரு. தண்ணியில வுழுந்தாலும் எயுந்துக்குமாம்."

"அளவு?"

"பன்னெண்டு."

பவானி கையிலிருந்த டம்ளரை வைத்தாள். "எனக்கு அது பெர்சா இருக்காது?"

"நம்மூர்ல காத்து கம்மி. பெர்சுதான் வேணும். நீ தளர்த்தி புடிச்சிக்க, ஒண்ணும் ஆவாது."

"நீ கேட்டுக்கினு சொன்னா கரீட்டாதான் இருக்கும்" என்று பவானி மீண்டும் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

பட்டம் வந்தது. சிவப்பும் சாம்பலுமாய், விரித்தால் ஒரு அறை நிறைந்துவிடும். ஒரு ஞாயிறு மதியம் எண்ணூர் முகத்துவாரத்து மணலில் அதை ஏற்றிப் பார்த்தார்கள். அனல்மின் நிலையத்துப் புகை காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆன்சி இரண்டு மணி நேரம் ஓட்டினாள். பவானியின் முறை வந்தபோது காற்று விழுந்துவிட்டது. அது விழுந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தேதான் ஆன்சி கரைக்குத் திரும்பியிருந்தாள்.

பிப்ரவரியில் இருவருக்கும் லீவு கிடைத்தது. இமாச்சலத்துக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஆன்சியின் அப்பா சிலுவைமுத்துவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அம்மா இல்லாத வீடு, வேறு ஆள் கிடையாது. பவானி தனியாகப் போவதென்று ஆயிற்று. அங்கே பெங்களூரிலிருந்து பட்டம் ஓட்டும் ஒரு கும்பல் வருகிறது, அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

சென்ட்ரலில் பட்டப் பையை முதுகில் மாட்டியபடி பவானி ரயில் வாசலில் நின்றாள். பின்னாலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்தது போலிருந்தது.

"காத்து ஜாஸ்தியா இருந்தா வுடாத, இன்னா?" என்றாள் ஆன்சி.

"இத பத்து தபா சொல்லிட்டடி."

அதோடு இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பவானி பையை இறக்கிவிடுவாள், ஏன் மறைத்தாய் என்று கேட்பாள், சுற்றி நிற்கிற ஜனம் பார்க்கும். ரயில் நகர்ந்தது. ஆன்சி கையசைத்தாள்.

பவானி மலைக்குப் போனதும் அவள் போனுக்குச் சிக்னல் இல்லாமல் போயிற்று. அப்பாவின் கண்ணில் மருந்து விடும்போது ஆன்சியின் கவனம் எங்கோ போய், சொட்டு கன்னத்தில் விழுந்தது. "இன்னாமா ஆச்சி உனக்கு?" என்றார் அவர். "ஒண்ணுமில்லப்பா" என்று துடைத்துவிட்டாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டு, அங்கே காற்றே அடிக்கக்கூடாது மாதாவே என்று வேண்டினாள். எழுந்து வெளியே வரும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தன் வாயால் தடுத்திருக்க வேண்டியதை மாதாவின் தலையில் கட்டிவிட்டு வருகிறாள்.

பவானி முழுசாகத் திரும்பி வந்தாள். கையும் காலும் நன்றாக இருந்தன. மூக்கு நுனி மட்டும் குளிரில் கறுத்திருந்தது. நேராக ராயபுரத்துக்கு வந்து பையை ஆன்சி வீட்டுக் கட்டிலடியில் தள்ளினாள்.

"நீயே வச்சிக்கினு ஓட்டு. எனக்கு இது வராது."

"இன்னா ஆச்சி?"

"ஏத்துனேன். ஏத்துனதும் தூக்கி, கவுத்து, குப்புற இயுத்துக்கினு போச்சி. வாயி மூக்கெல்லாம் பனி. எப்படியோ கயித்த வுட்டுட்டேன். அதுக்கப்பறம் தொடல. மீதி நாளெல்லாம் உக்காந்துகினு அவங்க ஓட்றத பாத்தேன்." பவானி சிரிக்கப் பார்த்தாள். "ஒரு பொண்ணு வந்து, இது உனக்கு பெர்சு, யார் வாங்கிக் குடுத்ததுன்னு கேட்டா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? என் ஃபிரெண்டு மாஸ்டர்கிட்ட கேட்டுதான் எடுத்தா, பட்டம் கரீட்டுதான், ஓட்றவதான் சரியில்லன்னேன்."

கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த சிலுவைமுத்து, "உசுரோட வந்தியே, அது போதும்மா" என்றார்.

ஆன்சியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "டீ போடட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

கோடைக் கடற்காற்று தொடங்கியது. பட்டம் இப்போது முழுக்க ஆன்சியுடையது. ஞாயிறுதோறும் முகத்துவாரத்துக்குப் போனாள். அது அவளைத் தூக்கத்தான் செய்தது. ஆனால் தூக்கும் ஒவ்வொரு முறையும் பனியில் குப்புற இழுபடுகிற ஒரு சின்ன உருவம் கண்ணுக்குள் வந்தது. காற்று நன்றாக இருக்கும்போதே சுருட்டிக்கொண்டு திரும்பத் தொடங்கினாள்.

ஏப்ரலில் ஒரு நாள். கன்டெய்னர் அடுக்கின் மேல் ஏறிப் பூட்டுகளைச் சோதிக்கும் வேலை எப்போதும் பவானியுடையது. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அன்று சூப்பர்வைசர் அன்பரசன் கூப்பிட்டபோது அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வேற யாரையாவது ஏத்துங்க சார். நான் பயந்தாங்கொள்ளி சார், மேல போய் எதுனா ஆயிடப்போவுது."

அதை அவள் வெகு இயல்பாகச் சொன்னாள், தன் உயரத்தைச் சொல்வது போல. நாலடி தள்ளி நின்ற ஆன்சி கிட்டே வந்தாள். பவானியின் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ பயந்தாங்கொள்ளி இல்ல. மாஸ்டர் உனக்கு எட்டுன்னாரு. பனிக்கு அதுவே ஜாஸ்தின்னாரு. பன்னெண்டுல உன்ன ஏத்தவே கூடாதுன்னாரு. நான்தான் சொல்லல."

பவானி அவளையே பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணும் சொல்லலியா அவரு?"

"ஒம்பது சொன்னாரு. அதுல என்னால ஓட்ட முடியாது. அதான்."

கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி ஒன்று இரைந்தபடி கடந்து போனது. பவானி மெதுவாகச் சொன்னாள். "அந்த பொண்ணு அவ சின்ன பட்டத்த ஒரு தபா ஓட்டிப்பாருன்னு கைல குடுத்தா. நான் வேணான்னுட்டேன். வாங்கினா உன்ன கொற சொன்ன மாதிரி ஆவுமேன்னு."

"பவானி..."

"பேசாத. இப்ப எங்கிட்ட பேசாத."

ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு அவள் அடுக்கை நோக்கி நடந்தாள். மேலே ஏறி, ஒவ்வொரு பூட்டாகத் தட்டிப் பார்த்தாள். கீழே நின்றிருந்த ஆன்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே வேலைப் பேச்சு மட்டும்தான். ஆன்சி பட்டத்தைக் கோவளத்து ஆள் ஒருவருக்கு விற்று, வந்த பணம் முழுவதையும் பவானியிடம் நீட்டினாள். பவானி பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஆன்சிக்கு.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை போனில் இரண்டு வரி வந்தது. 'மூணு மணிக்கு முகத்துவாரத்துக்கு வா. பட்டம் புடிக்க ஆள் வேணும்.'

ஆன்சி இரண்டரைக்கே போய் நின்றாள். பவானி மணலில் ஒரு நீலப் பட்டத்தை விரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மீட்டர். மாஸ்டரிடம் அவளே பேசி வாங்கியிருந்தாள்.

"நான் தலையாட்டுனாதான் வுடணும்" என்றாள் பவானி, கயிறுகளைப் பிரித்தபடி. "அதுக்கு முன்னாடி வுட்றாத."

"சரி."

ஆன்சி பட்டத்தின் விளிம்பை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். துணி படபடத்தது. தூரத்தில் பவானி இடுப்பில் கொக்கியை மாட்டி, புகைபோக்கிகளைப் பார்த்து, கடலைப் பார்த்து, வெகுநேரம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். ஆன்சி விட்டாள்.

முதல் தடவை பட்டம் கடலில் விழுந்தது. நனைந்து, புரண்டு, தானாகவே எழுந்தது. இரண்டாம் தடவை பவானி பலகையில் நின்றுவிட்டாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த குப்பத்து ஜனங்கள் நிமிர்ந்து பார்க்க, பாறைக்கட்டு வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். ஆன்சி வெறுங்கையோடு மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கும்போது பவானி கரைக்கு வந்தாள். ஆன்சி ஓடிப்போய்ப் பட்டத்தைப் பிடித்து மணலில் அமுக்கினாள். இருவருமாக மடித்தார்கள். ஓட்டிப் பார்க்கிறாயா என்று பவானி கேட்கவில்லை, ஆன்சியும் கேட்கவில்லை.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பவானி நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"கோவம் இன்னும் போவல எனக்கு."

"தெரியும்."

"அடுத்த ஞாயித்துக்கெயமயும் ஆள் வேணும்."

"வரேன்" என்றாள் ஆன்சி.