லிஃப்டில் எழுப்பப்படும் விஷயம்

எங்கள் வெளியுறவு அமைச்சகத்தில் மனித உரிமை லிஃப்டில்தான் பேசப்படும். நான்காவது மாடியில் உப்பு, சிமெண்ட், மின்சாரம் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, இரண்டு நாட்டு அமைச்சர்களும் கேமராக்கள் காத்திருக்கும் தரைத்தளத்துக்கு இறங்குவார்கள். அந்த இறக்கத்தில் எங்கள் அமைச்சர், "உங்கள் நாட்டு நிலவரம் குறித்து எங்கள் கவலையைத் தெரிவிக்கிறோம்" என்பார். விருந்தாளி அமைச்சர், "கவனத்தில் கொண்டோம்" என்பார். கதவு திறக்கும். இருவரும் சிரிப்பார்கள்.

ஒரு மூலையில் நின்றபடி நான் "எழுப்பப்பட்டது" என்று எழுதிக்கொள்வேன். எதிர்மூலையில் அவர்கள் நாட்டுக் குமாஸ்தா "கவனிக்கப்பட்டது" என்று எழுதிக்கொள்வார். அதற்குத்தான் சம்பளம். நான் படித்த படிப்புக்கு இது அதிகம் என்று வீட்டில் பெருமை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, அத்தான் உள்ளே போகிற வரைக்கும்.

அத்தான் மைக் செட் வாடகைக்கு விடுபவர். கூலி கூடுதலாகக் கிடைக்கிறது என்று பக்கத்து நட்பு நாட்டுக்குப் போனார். ஒரு கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தார். அதிபர் இன்னும் எத்தனை தடவைதான் ஜெயிப்பார் என்று யாரோ மைக்கில் கேட்டுத் தொலைக்க, போலீஸ் வந்துவிட்டது. பேசியவர் ஓடினார், கேட்டவர்கள் ஓடினார்கள். அத்தான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல ஒயர், போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அரசுக்கு எதிரான சத்தத்தைப் பெரிதாக்கினார் என்று வழக்கு.

அக்கா பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள். வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லியே பழகியவள், இப்போது அவளே உட்காருவதில்லை.

"டேய், நீ அங்கதானே வேலை பார்க்கிற? ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"நான் பேசக் கூடாதுக்கா. எழுதறதுதான் என் வேலை."

"என்னத்த எழுதற?"

"எழுப்பப்பட்டதுன்னு."

"எதை எழுப்பினாங்களாம்?"

"கவலையை."

"அது நம்ம வீட்ல தூங்கவே இல்லையேடா," என்றாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் நின்றேன். அடுத்த வாரம் அந்த நாட்டு அமைச்சர் வருகிறார். லிஃப்டில் அத்தானைப் பற்றியும் சொல்ல முடியுமா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நாலு மாடிக்கு ஒரு வாக்கியந்தான் தாங்கும். ஆளைச் சொன்னா இன்னொரு வாக்கியம் வேணும். அதுக்கு எட்டு மாடி கட்டணும். பட்ஜெட் எங்க இருக்கு?"

எட்டு மாடி கட்ட என்னால் ஆகாது. ஆனால் வழியில் எல்லா மாடிப் பொத்தானையும் அமுக்கிவிட்டால் லிஃப்ட் நின்று நின்றுதான் போகும். என் மூளைக்கு எட்டிய வெளியுறவுக் கொள்கை அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. சாப்பாடு முடிந்த மதிய வேளை, கட்டடமே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் அமைச்சர்கள் ஏறினார்கள், நான் ஏறினேன், அவர்கள் பக்கத்துக் குமாஸ்தா ஏறினார். இந்த முறை ஒரு பெண், மூக்குக் கண்ணாடியும் இறுகிய உதடும். மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை, படி வழியே இறங்கினார். நான் கையை நீட்டினேன். பொத்தான்கள் எல்லாம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவலையைத் தெரிவிக்கிறோம்," என்றார் எங்கள் அமைச்சர்.

"கவனத்தில் கொண்டோம்," என்றார் விருந்தாளி.

கதவு திறந்தது. மூன்றாம் மாடி. விசாப் பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் புகை மிதந்தது. கொசு மருந்து அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புகைக்குள்ளிருந்து கடல் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் கடல் கிடையாது. இரண்டு அமைச்சர்களும் சிரித்தபடி காத்திருந்தார்கள். கேமரா இல்லை. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த மாடியில் ஒரு நீண்ட வராந்தா. அதில் ஒரு வரிசை. ஜெயில் வாசலில் நிற்பவர்களைப் போல, ஆளுக்கொரு சாப்பாட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசையின் கடைசி கண்ணுக்கு எட்டவில்லை.

"இடம் இருக்காங்க?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"இல்லம்மா, பேச்சுவார்த்தை நடக்குது," என்றார் எங்கள் அமைச்சர், மெதுவாக, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில்.

நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம். நாலு மாடிக் கட்டடத்தில் அன்று எத்தனை மாடி இறங்கினோம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விருந்தாளி சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு பேசினார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

"சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இனி என்ன பண்றது?"

"என்ன கவலைன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே," என்றார் எங்கள் அமைச்சர்.

"கேட்டா சொல்லிடுவீங்களேன்னுதான்."

எங்கள் அமைச்சர் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆமா, நமக்கு என்ன கவலை தம்பி?"

சொன்னேன். அத்தானை, ஸ்பீக்கரை, அக்கா உட்காராமல் நிற்பதை. விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஒயர் சுத்தினவரா? அப்ப பேசினவன் எங்க?"

"அவரு வெளிநாட்டுல விருது வாங்கிட்டு இருக்காருங்க."

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தார். "என் தம்பி உங்க ஜெயில்ல இருக்கான்."

"நம்மகிட்டயா?" எங்கள் அமைச்சர் உண்மையாகவே திடுக்கிட்டார். "எங்களது ஜனநாயக நாடாச்சேம்மா!"

"அதை நம்பித்தாங்க இங்க வந்து சுவத்துல எழுதினான். முடிக்கிறதுக்குள்ள பிடிச்சிட்டாங்க. பாதி வார்த்தைக்கு வழக்கு நடக்குது."

இத்தனை நாள் எதிர்மூலையில் நின்று "கவனிக்கப்பட்டது" என்று எழுதியவர்கள் வீட்டிலும் ஆள் குறையும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஆளுக்கு ஆள்?" என்றார் விருந்தாளி கடைசியில்.

"ஆளுக்கு ஆள்," என்றார் எங்களவர்.

கதவு திறந்தது. வெளிச்சம், கேமராக்கள், சிரிப்பு. மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்க ஓடி வந்து, "என்ன பேசினாங்க?" என்றார். "ஒண்ணுமில்லை," என்றோம் அந்தப் பெண்ணும் நானும், சேர்ந்தாற்போல.

அறிக்கையிலும் அதுவேதான் வந்தது: மனித உரிமை எழுப்பப்படவில்லை. எழுப்பினோம் என்றால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று இரண்டு நாடும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பத்திரிகைகள் எங்களைக் கிழித்தன. உலக ஜனநாயகத் தரவரிசையில் எங்கள் நாடு ஒரு படி இறங்கியது. மேலதிகாரி என்னை வாரக்கணக்கில் முறைத்தார்.

ஒப்பந்தத்தில் ஆட்களுக்கென்று பிரிவு எதுவும் இல்லாததால் அவர்களைச் சரக்கோடு சேர்த்தார்கள். சிமெண்ட் லாரியில் அந்தப் பெண்ணின் தம்பி அங்கே போவார். உப்பு லாரியில் அத்தான் இங்கே வருவார்.

எல்லைச் சாவடிக்கு அக்காவும் நானும் விடியும்போது போய்ச் சேர்ந்தோம். பனியில் லாரிகள் விளக்கோடு மிதந்து வந்தன. ஒன்றின் மேல், மூட்டைகளுக்கு நடுவே, தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அது அத்தான் என்று எனக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

சுங்க அதிகாரி ரசீதை நீட்டினார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்தது. "கையெழுத்துப் போடும்மா. போட்டாத்தான் இறக்க முடியும்."

அக்கா அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். "இதுவா நல்ல நிலை? போகும்போது எப்படி இருந்தாரு தெரியுமா? பாதி ஆளை உள்ளயே வச்சுக்கிட்டு மீதியைக் கொடுக்கறீங்க. நான் போட மாட்டேன்."

"அக்கா, போட்டுடுக்கா," என்றேன்.

"நீ சும்மா இருடா. நீ எழுதினது போதும்."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அக்கா பேனாவை வாங்கி, "நல்ல நிலையில்" என்பதை அடித்தாள்.

"என்ன நிலைன்னு எதையாவது போட்டாகணும்மா," என்றார் அதிகாரி, கெஞ்சாத குறையாக.

அக்கா லாரியைப் பார்த்தாள். மேலே அத்தான் இருமினார், உப்பு உதிர்ந்தது. "உயிரோட" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இறங்குங்க," என்றாள் அவரிடம், கையை உயர்த்தி. "பார்த்து. மெதுவா."