இஸ்திரி போட்ட கை

எதெல்வினா சோகோந்தாவுக்கு நான்கு வருஷமாக உடம்பெல்லாம் வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்பவர்களிடம், வலிக்காத இடத்தைக் கேளுங்கள், சீக்கிரம் முடியும் என்பாள். ஃபகாதாத்திவா என்ற மலைமேட்டு ஊருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணை. அதன் குளிர்க் கொட்டகையில் நின்றபடி, பூக்களை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவது அவள் வேலை. காலையில் கண் விழித்தால், இரவு முழுக்க யாரோ தன்னைக் கல்லில் அடித்துத் துவைத்து, பிழிய மறந்துபோன மாதிரி இருக்கும்.

பண்ணை டாக்டர் உர்ரேகோவிடம் இருந்தது ஒரே மருந்து, பாராசிட்டமால். தலைவலிக்கும் அது, கால் முறிவுக்கும் அது. ஒரு நாள் கார் கிளம்பவில்லை என்று பெட்ரோல் தொட்டியில் இரண்டு மாத்திரை போட்டார். கார் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு யாராலும் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தவன் அப்படியொரு எலும்பைப் பார்த்ததில்லை என்று இன்னொரு பிரதி எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் அம்மா கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"இஸ்திரி போட்டுட்டுக் கையைக் கழுவினீங்களா?"

அந்த மேட்டு நிலத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர்கள் பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். குளிர்ப்பெட்டியைத் திறக்கவும் மாட்டார்கள். சூட்டுக் கையில் குளிர் பட்டால் வாய் கோணும், நரம்பு முடிச்சு விழும், ஆளே போய்விடலாம். போன ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் ஓர் ஒன்றுவிட்ட சித்தி அப்படித்தான் போயிருந்தாள்.

"எப்பவாவது கழுவியிருப்பேன் டாக்டர். அழுக்கான கையைக் கழுவத்தானே செய்வாங்க."

போதும் அவருக்கு. 'நோய் எதுவும் இல்லை. வீட்டில் சொந்தக் கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, அவள் கட்டும் கட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன, பிப்ரவரி காதலர் தின அவசரத்துக்கு முன்னால் நோயின் பெயர் எழுதிய காகிதம் வராவிட்டால் வேலை இல்லை என்று சொன்னார். கணவன் போய்ச் சேர்ந்த வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பெரித்தது.

மூட்டு நிபுணரைப் பார்க்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தினமும் போன் போட்டாள். தினமும் பாட்டுத்தான் கேட்டது. ஐந்தாவது மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிளி, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருங்கள்' என்று பேச ஆரம்பித்தது. தெருவில் சிலர் தங்கள் குறைகளைக் கிளியிடமே சொன்னார்கள். நிறுவனத்தைவிட மோசம் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில், அந்த நாட்டில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். டாக்டரைப் பார்க்க நீதிபதியிடம் போனாள். நீதிமன்ற வாசலில் குடைக்கடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த எலியோதோரோ, உரிமை மனு எழுதுவதில் பெயர் பெற்றவர்.

"அழுகையா எழுதவா, கெஞ்சலா எழுதவாம்மா?"

"ரெண்டும் வேணாம். எரிச்சலா எழுதுங்க."

பத்தாம் நாள் நீதிபதி உத்தரவு போட்டார். அத்தனை மாதமும் நிபுணரிடம் இல்லாத இடம் இரண்டே நாளில் முளைத்தது.

நிபுணர் மஞ்ஞாரெஸ் என்ற அம்மாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. எப்படித் தூங்குகிறாள், எப்படி எழுந்திருக்கிறாள், எது மறந்துபோகிறது என்று கேட்டார். பிறகு கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று கட்டைவிரலால் அழுத்தினார். நாலாவது அழுத்தலில் எதெல்வினா அந்த அம்மாளின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"நாலு வருஷமா யாரும் உங்களைத் தொட்டுப் பாக்கலையா?"

"படத்தைத்தான் தொட்டுப் பாத்தாங்க."

நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. எலும்பில் கோளாறு இல்லை. வலியைச் சொல்லும் நரம்புகள் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கத்துகின்றன. முழுசாகப் போகாது, அடங்கும். படுக்கும் முன் ஒரு சின்ன மாத்திரை, தினம் கொஞ்சம் நடை, பழகப் பழக இன்னும் கொஞ்சம். குளிர்க் கொட்டகை ஆகாது. பேருந்தில் வழி முழுக்க அவள் அந்தப் பெயர் எழுதிய காகிதத்தை, குஞ்சு பொரிக்கப்போகும் முட்டையைப் போல மடியில் வைத்திருந்தாள்.

பண்ணையில் வேலை மாற்ற உர்ரேகோவின் கையெழுத்து வேண்டும். அவர் அந்தக் காகிதத்தை ஒற்றை விரலால் தள்ளினார். இதெல்லாம் தலைநகரத்துப் புது நோய் என்றார். காரணம் இஸ்திரிதான், எழுதினது எழுதினதுதான், வேலை மாற்றக் கையெழுத்துக் கிடையாது என்றார்.

எதெல்வினா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் அவருடைய வெள்ளைக் கோட்டுக்கு நர்ஸ் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து பெட்டியை வாங்கி, காலர், கை, முதுகு என்று நிதானமாகத் தேய்த்தாள். கெஞ்சுகிற வழி இது என்று நினைத்து டாக்டர் புன்னகை செய்தார். தேய்த்து முடித்தவள் சூட்டுக் கைகளோடு நேராகக் கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைப் பிடித்தாள்.

"கையெழுத்துப் போடுறீங்களா, கழுவட்டுமா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஏழு வருஷம் மருத்துவம் படித்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. என் ரூம்ல வேணாம்."

வேலை மாற்ற உத்தரவின் மூன்று பிரதியிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சூடான அலுவலகத்தில், உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. எதெல்வினா மூன்றையும் சரிபார்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கைவரை நன்றாகக் கழுவி, அந்த வெள்ளைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டாள்.

கை வலித்தது. வழக்கமான அளவுதான்.

டாக்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து இரண்டு பாராசிட்டமாலை விழுங்கினார்.